தானாக மூடிக்கொண்ட வால்வு

சென்னையை ஒட்டிய பாரிவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மணல் வடிகட்டி, தினமும் விடிகாலையில் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். அந்த இரைச்சலில்தான் எனக்கு விழிப்பு வரும். மலேசியாவில், எங்கள் கிள்ளானில், நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கருவிகளைக் கவனித்தவள் நான். அங்கே ஊருக்கே பொதுவாக இருந்தது, இங்கே கார் நிறுத்துமிடத்தின் மூலையில் அடங்கிக் கிடக்கிறது. கணவரின் வேலைக்காக வந்தேன். குடியிருப்புச் சங்கம் இதை என் தலையில் கட்டிவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் குழாய்களில் தண்ணீர் நின்றது. வடிகட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தேவி படியேறி வந்து, "அக்கா, ஒரே பேஜாரா கீது" என்றாள். மலாயில் 'பெலாஜார்' என்றால் படிப்பது. யார் படிக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பேஜார் என்றால் தொல்லை என்பது கீழே போனதும் புரிந்தது.

குடியிருப்பின் கிணற்றில் மழைநீர் புகுந்து கலங்கியிருந்தது. வடிகட்டியைத் தாண்டியும் கலங்கல் வந்ததை உணர்கருவி கண்டுகொண்டு, வால்வைத் தானாகவே மூடி, தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பியிருந்தது.

அன்றுதான் மேல்வீட்டு மாலதியின் மகள் கைக்குழந்தையோடு மருத்துவமனையிலிருந்து வந்திருந்தாள். வால்வைக் கையால் திறந்துவிடச் சொன்னார் மாலதி. குளோரின்தான் கலக்கிறதே என்றார். கலங்கலுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் எட்டாது என்றேன்.

"பச்சப் புள்ள இருக்கிற வீட்டுக்குத் தண்ணி இல்லன்னு சொல்ல எப்படிங்க மனசு வருது?" என்றார் மாலதி.

கிள்ளானில் முகம் தெரியாத எத்தனையோ வீடுகளுக்கு வால்வு மூடியிருக்கிறேன். எவரும் என் எதிரில் வந்து நின்றதில்லை. இருந்தும் நான் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரையெல்லாம் மாலதி வீட்டுக்குச் சுமந்தேன். குடத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

தேவியும் நானும் கலங்கலைத் திரட்டிப் படியவைக்கும் படிகாரக் கரைசலைக் கூட்டிவிட்டு, மணலை மறுபடி மறுபடி கழுவவிட்டோம். பிற்பகலில் திரையில் கலங்கலைக் காட்டும் எண் இறங்கத் தொடங்கியது. வால்வு தானே திறந்தது. "வந்துகினு கீதுக்கா" என்று தேவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் மாலதி இறங்கி வந்து, குழந்தையைப் பார்க்க மேலே வரச் சொன்னார். என் ஈரக் கையைத் தன் முந்தானையில் துடைத்தும் விட்டார்.

மேலே போகப் புறப்படும்போது கிள்ளானிலிருந்து என் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். அங்கே மழை தகரக் கூரையில் கொட்டுவது கேட்டது. வீட்டில்தான் இருக்கிறாயா என்று கேட்டாள். எது வீடு என்று யோசித்தபடி பக்கத்துக் குழாயில் கையை ஊன்றினேன். காதில் கிள்ளான் மழை. குழாயில் ஊன்றியிருந்த உள்ளங்கையில், உள்ளே ஓடும் பாரிவாக்கத்துத் தண்ணீரின் அதிர்வு.