கறுப்புக் காரின் மனிவெல்

எங்கள் சித்தப்பாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். சித்திக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி கேட்டு முத்தியால்பேட்டைக்குப் போனவர், வாயில் போட்ட கற்கண்டு கரைவதற்குள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "எம் பொண்ண ரிக்‌ஷாவுல கூட்டிக்கினு போவமாட்டேன். கார்லதான் கூட்டிக்கினு போவேன்." சொன்னவர் மில் தொழிலாளி. சைக்கிளுக்கு டியூப் மாற்றவே நாலு நாள் யோசிப்பார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் சித்தியின் அப்பா மட்டும்தான்.

அவரை நான் முத்தியால்பேட்டைத் தாத்தா என்று கூப்பிடுவேன். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஆண்ட காலத்தில் ஒரு துரைக்குக் கார் ஓட்டியவர். எங்கேயும் போகாத நாளிலும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைதான். மனைவி போய் வெகு காலமாகிவிட்டது. சித்தி ஒரே மகள். பிள்ளைப்பேறு பார்க்கத் தாத்தாவின் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தார். பள்ளி விடுமுறையில் ஏணை ஆட்ட ஆள் வேண்டும் என்று என்னையும் அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.

சித்தப்பா வாயால் சொன்னதைக் கையால் செய்துவிட்டார் என்பதுதான் ஆச்சரியம். யாரோ ஒருவரின் கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு கறுப்பு பிரெஞ்சுக் காரைப் பழைய இரும்பு விலைக்குப் பிடித்தார். தாத்தா அந்தக் காலத்தில் ஓட்டிய அதே ஜாதிக் கார். மாமனாரைக் குளிர வைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைத்திருப்பார் போலும். முத்தியால்பேட்டை மெக்கானிக் ஒருவர் என்ஜினுக்கு உயிர் கொடுத்து, தாத்தா வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போனார். ஆனால் சாவி போட்டால் கிளம்புவதற்கான செல்ஃப் மோட்டார் எரிந்து போயிருந்தது. அதற்கு மாற்று எப்போது கிடைக்கும் என்று மெக்கானிக்குக்கே தெரியவில்லை.

அந்தக் காலத்துக் கார்களில் முன்பக்கம் ஒரு ஓட்டை இருக்கும். வளைந்த இரும்பு ஹேண்டிலை அதில் நுழைத்துச் சுற்றினால் என்ஜின் ஓடும். இந்தக் காருக்கு ஓட்டை இருந்தது, ஹேண்டில் இல்லை. தள்ளினாலும் கிளம்பும்தான். மனைவியும் குழந்தையும் உள்ளே உட்கார்ந்திருக்க, மாமனார் தெருவிலே நாலு பேர் பின்னாலிருந்து தள்ளுவதா? அதற்கு ரிக்‌ஷாவே தேவலை என்றார் சித்தப்பா. ஆடி பிறந்துவிட்டால் கைக்குழந்தையை இடம் மாற்றக் கூடாது, அப்புறம் ஆவணிதான். ஆனி முடிவதற்குள் ஹேண்டில் கிடைத்தாக வேண்டும், இல்லையென்றால் வாய் நீண்டதற்கு ஊரே சிரிக்கும்.

நாங்கள் ஹேண்டில் என்றதைத் தாத்தா மனிவெல் என்பார். பிரெஞ்சு வார்த்தை, சொல்லும்போது முகம் கொஞ்சம் நிமிரும். பொருந்தாத மனிவெல்லைப் போட்டுச் சுற்றினால் என்ஜின் திருப்பி உதைக்கும், மணிக்கட்டு ரெண்டாகிவிடும் என்று அவர் சொன்னதிலிருந்து, அவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எதையும் காரில் நுழைப்பதில்லை என்று முடிவாயிற்று. எது அசல் என்று சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை, அவருக்குக் கொஞ்சமும் இல்லை.

முதலில் தடியாக ஒன்று வந்தது. லாரிக்குப் போடுவது என்று கையில்கூட வாங்காமல் அனுப்பிவிட்டார். அடுத்தது சேதராப்பட்டில் ஒரு விவசாயியின் ஆயில் என்ஜினிலிருந்து இரவல் வாங்கியது. "இத வச்சி தண்ணி எறைக்கலாம் மாப்ள, வூட்டுக்குப் போவ முடியாது." இன்னொன்று இங்கிலீஷ்காரன் வண்டியுடையது, நுனியில் பல் வெட்டியிருந்தது. நம்முடையதற்கு நுனியில் குறுக்காக ஒரு ஊசி இருக்க வேண்டுமாம். காயலான் கடைக்காரர் ஒருவர் தானே கொண்டுவந்தது அச்சு அசலாக இருந்தது. நீளம் சரி, வளைவு சரி, ஊசியும் சரி, மேலே கிழட்டுத் துரு. சித்தப்பாவின் முகத்தில் பல்லைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தாத்தா துருவை விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"புளி," என்றார்.

புளித்தண்ணீரில் ஊறப்போட்டு வயதாக்கிய புது இரும்பு அது. அசல் மனிவெல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துருப்பிடிக்காது, ஓட்டையில் உராய்கிற இடம் மட்டும் மோதிரம் போட்டது மாதிரி பளபளக்கும், மரப்பிடி கைப்பட்டுக் கறுத்திருக்கும் என்று தாத்தா பொறுமையாக விளக்கினார். கடைக்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு ஹேண்டிலையும் திருப்பி அனுப்பும்போது தாத்தா வருத்தமாகத்தான் பேசுவார். உள்ளே வந்ததும் அக்காவிடம் உற்சாகமாகக் காபி கேட்பார். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு பிரெஞ்சில் என்னவோ கொஞ்சுவார். சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனியின் கடைசி ஞாயிறு வந்தது. பள்ளி திறந்துவிட்டாலும் சனி ஞாயிறுகளில் நான் அங்கேதான் இருந்தேன். சித்தப்பா கார்க் கதவுக்குக் கீழே இருந்த படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவரைப் பார்த்துக்கொண்டே ஏணையை ஆட்டியதில், அதற்கு அடியில் இருந்த துணி மூட்டையில் என் கால் சுண்டுவிரல் நச்சென்று இடித்தது. காத்து கருப்பு அண்டாமல் இருக்கக் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்த இரும்பு அது. வேட்டித் துணியில் சுற்றி வேப்பிலையோடு வைத்திருந்தார்கள். அரிவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். துணி விலகியது. கறுத்த மரப்பிடி தெரிந்தது. கால் வலியை மறந்து இன்னும் கொஞ்சம் விலக்கினேன். வளைவு. மோதிரம் மாதிரி பளபளப்பு. நுனியில் குறுக்காக ஊசி.

"மனிவெல்! சித்தப்பா, மனிவெல்!"

எல்லோரும் ஓடிவந்தார்கள். துரை கப்பலேறியபோது சமையல்காரருக்குப் பீங்கான் தட்டுகள் கிடைத்ததாகவும் டிரைவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் தாத்தா அடிக்கடி சொல்வார். டிரைவருக்குக் கிடைத்தது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சித்தப்பா வாயைத் திறந்தார். நீளமான அந்த வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தாத்தா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அது புள்ளைக்கு வச்ச இரும்பு. அதத் தொடக் கூடாது," என்றார்.

"புள்ள கெளம்பற அன்னிக்கு இரும்பும் எழுந்திருக்கலாம்பா," என்றாள் சித்தி. மெதுவாகத்தான் சொன்னாள்.

தாத்தா சுவரிலிருந்து திரும்பினார். பிறகு குனிந்து மனிவெல்லை எடுத்துத் துடைத்தார். "நானே ஸ்டார்ட் பண்ணி வுடறேன். ஆனா இது இங்கதான் இருக்கும். புள்ளைக்கு வச்ச இரும்பு வச்ச வூட்டு வாசப்படிய விட்டுக் குடிபோவக் கூடாது. வண்டி எடுக்கணும்னா சொல்லுங்க, நான் எடுத்தாறேன்." சாஸ்திரம் சம்பிரதாயமெல்லாம் கரைத்துக் குடித்த அவருடைய அக்கா, அப்படியொரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது போல வாயெடுத்தார். தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிதறிய வேப்பிலையைப் பொறுக்கத் தொடங்கினார்.

கட்டைவிரலை மடக்காமல் பிடித்து, தாத்தா கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு இழுத்தார். கார் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கிளம்பியது. தெருவே கைதட்டியது. சித்தப்பாவுக்கு அன்று கிரீடம் வைக்காத குறைதான். ஆனால் நடுவில் என்ஜின் நின்றால் அவ்வளவுதான் என்பதால், முதலியார்பேட்டையில் எங்கள் வீடு வருகிற வரைக்கும் அணைக்கவே இல்லை. ரயில்வே கேட் மூடியிருந்தபோது அவர் வேண்டாத சாமி இல்லை. நான் பின் சீட்டில் சித்தியின் மடியிலிருந்த பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தபோது தாத்தா மனிவெல்லைக் கையில் பிடித்தபடி நடுத்தெருவில் நின்றிருந்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் சைக்கிளில் வருவார், இஸ்திரிச் சட்டையும் பாரில் கட்டிய துணிச்சுருளுமாக. காரைக் கிளப்புவார். எல்லோரும் கடற்கரை வரை ஒரு சுற்றுப் போய் வருவோம். சாப்பிடுவார். பாப்பாவைத் தோளில் போட்டுத் தூங்க வைப்பார். வெயில் தாழ்ந்ததும் மனிவெல்லைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மருமகனை நம்பி ஒரு இரும்பைக்கூட விட்டுப்போகாத மனிதர் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், பள்ளி விட்டு வந்தபோது சித்தப்பா காரில் உட்கார்ந்திருந்தார். எதையோ திருகினார். கிர்ர் என்று கார் தானாகவே கிளம்பியது. புது பேட்டரி, புது செல்ஃப் மோட்டார், எல்லாம் மாட்டி முடித்திருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். "இனிமே தாத்தா அவ்ளோ தூரம் மிதிச்சிக்கினு வர வேணாம் இல்ல, சித்தப்பா?" என்றேன்.

அவர் சட்டென்று என்ஜினை அணைத்தார். "அவருகிட்ட சொல்லிடாத," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தேன்: தாத்தாவின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதும் சித்தப்பா ஓடிப்போய் பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புளி ஹேண்டிலுக்கும் லாரி ஹேண்டிலுக்கும் இப்படியா ஒரு வயதான மனிதரைப் பழிவாங்குவது? அன்று சித்தப்பா வாங்கிவந்த பிஸ்கட்டை நான் தொடவில்லை.

தாத்தா என்ஜினில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க முன்மூடியைத் திறந்தார். புது பேட்டரி வெயிலில் மின்னியது, கழற்றிய செல்ஃப் ஒயர் அதன்மேலேயே கிடந்தது.  துருவை நாக்கில் வைத்து அசல் போலி சொன்னவர், அதைச் சற்று நேரம் பார்த்தார். வாசலில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற சித்தியைப் பார்த்தார். பிறகு மூடியைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, சைக்கிளிலிருந்து துணிச்சுருளை அவிழ்க்கப் போனார்.

பாவம், தாத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.