பந்தக்கால் நட்ட வீடு

நான் அரியலூர் கோர்ட்டில் வக்கீல். கடைசியில் என் கல்யாணத்துக்கே நான்தான் சட்டம் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் ஊரடங்கு வந்தபோது எனக்குச் சித்திரையில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். பெரம்பலூரில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை அரும்பாவூர்க்காரர், பள்ளிக்கூட வாத்தியார். மண்டபங்களைப் பூட்டச் சொல்லி உத்தரவு வந்ததும் அப்பா என்னிடம் வந்தார்.

“மண்டபக்காரர்கிட்ட எழுதிக் குடுத்தது செல்லுமா, செல்லாதா? நீதான் சொல்லணும்.”

ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. யார் மேலும் தப்பில்லாமல், செய்வதாகச் சொன்ன காரியம் செய்யவே முடியாததாகிவிட்டால், ஒப்பந்தம் அங்கேயே முடிந்தது. இரண்டு பக்கமும் விடுதலை. ஆனால் கொஞ்ச காலம் முடியாமல் போவது வேறு, ஒரேயடியாக முடியாமல் போவது வேறு. கொரோனா வழக்குகளில் நாங்கள் மாய்ந்து மாய்ந்து வாதாடியதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

“இது தள்ளித்தான்ப்பா போவுது, முறியல” என்றேன். மண்டபக்காரரும் மறு சித்திரைக்கு ஒத்துக்கொண்டார்.

“உங்க வூட்டு வாசல்லயே நாலு பேரை வச்சு முடிச்சுக்கலாமே” என்று மாப்பிள்ளை போனில் கேட்டார். அப்பா மசியவில்லை. ஊரில் ஒரு கல்யாணம் விடாமல் போய்க் கை நனைத்தவர் அவர். ஊருக்குச் சோறு போடாமல் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாப்பிள்ளைதான் போனில் சிரித்தார்.

“வக்கீலம்மா, எனக்குமா வாய்தா?”

மறு சித்திரை வந்தது. இரண்டாவது அலையும் கூடவே வந்தது. வாசலில் பந்தக்கால் நட்டு, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து கட்டிய அதே வாரத்தில் மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு காலையில் அவருடைய தம்பி போன் செய்து அழுதான். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை, நேராக அரும்பாவூர் சுடுகாட்டுக்குத்தான் என்றான்.

நான் கிளம்பினேன். அப்பாவின் அக்கா வாசலை மறித்துக்கொண்டாள்.

“பந்தக்கால் நட்ட வூட்டுலேருந்து எழவுக்குப் போவக் கூடாதுடி. நீ கல்யாணப் பொண்ணு.”

“யாரு எழவு அத்தை?”

அவள் அழுதாள், ஆனால் நகரவில்லை. எனக்கு வெறி வந்துவிட்டது. கோர்ட்டில்கூட அப்படிக் கத்தியதில்லை.

“அந்தக் கால் எதுக்கு நட்டது? அவரு எனக்குத் தாலி கட்டுறதுக்கு. அது இனிமே நடக்கவே நடக்காது. காரியமே முடியாதுன்னு ஆனப்புறம், அதுக்காக ஏத்துக்கிட்ட கட்டுப்பாடு எதுவும் கிடையாது. எனக்கும் அவருக்கும் இருந்த பேச்சு முடிஞ்சுபோச்சு. வழிய வுடு.”

அப்பா பந்தக்கால் மூங்கிலை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக் கீழே போட்டார். “போயிட்டு வாம்மா” என்றார். அவரை அப்போது மன்னிக்க என்னால் முடியவில்லை.

சுடுகாட்டு வாசலில் முழுக் கவச உடுப்பில் ஒருவர் நின்றிருந்தார். சொந்தக்காரர்களை மட்டும், அதுவும் தூரத்திலிருந்து பார்க்க விட்டார்கள்.

“நீங்க அவருக்கு என்ன வேணுங்க?”

சற்று முன்னால்தான் வீட்டு வாசலில் நின்று வாதாடி ஜெயித்துவிட்டு வந்திருந்தேன்.

“ஒண்ணும் இல்லீங்க” என்றேன்.