அணைத்த வாக்கிடாக்கி

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் எங்கள் ஃபோர்மேன் ராஜாங்கத்தைக் கேட்கலாம். அந்தப் பாவி வாயைத் திறந்தால்தானே!

புதுச்சேரிக் கடலில் காற்றாலை நிறுவும் வேலை. நானும் தம்பியும் இந்தப் படகுக்குப் புதுசு. காற்றாலையைத் தாங்கும் இரும்பு மிதவையை எங்கள் இழுவைப் படகு கரையிலிருந்து இழுத்துப் போகும். கடலில் காத்து நிற்கும் பெரிய கப்பலிடம் ஒப்படைக்கும். கயிற்றை இழுக்கும் வின்ச் என் பொறுப்பு. அந்தக் கயிற்றைக் கப்பலுக்கு மாற்றிக் கட்ட மிதவைமேல் நின்றவன் என் தம்பி செம்மல். எங்களுக்கு ஒரே சட்டம்: வாக்கிடாக்கியில் யார் 'நிறுத்து' என்றாலும் வின்ச் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

பட்டப்பகல். மணி 2.10. தூறலில் மிதவை மங்கலாகத் தெரிந்தது.

"நிறுத்து!"

நிறுத்தினேன். ராஜாங்கம் பாய்ந்து வந்தான். "எவன்டா நிறுத்தச் சொன்னது?"

செம்மலைக் கேட்டேன். "நான் பேசவே இல்லண்ணா."

மறுபடி இழுத்தேன். கர்ர்ர்...

"நிறுத்துண்ணா... நிறுத்து..."

நடுவில் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம். களக்... களக்... அது என் தம்பியின் குரல் இல்லை.

ராஜாங்கத்தின் முகம் வெளுத்தது. என் வாக்கிடாக்கியைப் பிடுங்கிச் சுவிட்சை அணைத்தான்.

"இழுடா. அது அப்படித்தான் கத்தும்."

அப்படித்தானா? அப்படியானால் இவன் முன்பே கேட்டிருக்கிறான்! எனக்கு ரத்தம் கொதித்தது.

அணைத்த வாக்கிடாக்கி அவன் கையில்.

அதற்குள்ளிருந்து...

"நிறுத்து!"

வின்ச்சிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவனே இழுக்க வந்தான். நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். விழுந்தான்.

தூறல் விலகியது. கயிற்று வளையத்துக்குள் என் தம்பியின் கால். அவனுக்கே தெரியவில்லை. இன்னும் ஒரு முழம் இழுத்திருந்தால்...

கரைக்கு வந்ததும் படகுச் சமையல்காரர் ஜானகிராமன் சொன்னார். "போன தடவ மிதவை இழுக்கறப்ப ஜூலியன் இப்படித்தான் கயித்துல மாட்டிக் கடல்ல போனான் தம்பி. 'நிறுத்து'ன்னு கத்துனது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. இந்த ராஜாங்கம் வின்ச்ச நிறுத்தல. 'ஒண்ணுமே கேக்கல'ன்னு சாதிச்சிட்டான்."

"நீங்க வாயத் திறக்கலையா?"

கேட்காதது போல் பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினார். காறித் துப்பலாம் போலிருந்தது.

மறுநாள் கடல் கண்ணுக்கே தெரியாத உழவர்கரைக்குப் போய் ஜூலியனின் மனைவி மெரினைப் பார்த்தேன். 'அது அப்படித்தான் கத்தும்' என்று ராஜாங்கம் சொன்னதற்கு நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். அவள் அழவில்லை. அலமாரியைக் காட்டினாள். சார்ஜரில் ஒரு வாக்கிடாக்கி.

"அன்னைக்கு இத மறந்து வச்சிட்டு வெறுங்கையோடதான் போனாரு. மத்தியானம் இதுலதான் அவரு குரல் வந்துச்சு... நிறுத்து, நிறுத்துன்னு."

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உழவர்கரையில எனக்கே கேட்டுச்சு. பக்கத்துல நின்னவனுக்கு எப்படிண்ணா கேக்காமப் போச்சு?"