திரும்பத் தாண்டாமல் போன சித்தப்பா

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் தாண்ட மாட்டார்கள். கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் எங்களைச் சுற்றிக்கொண்டு, சுவரை ஒட்டி நடந்துதான் அப்பா விடிகாலையில் வாசலுக்குப் போவார். குழந்தையைத் தாண்டினால் அதன் வளர்த்தி நின்றுவிடும். தெரியாமல் தாண்டிவிட்டால் பரிகாரம் சுலபம். வந்த பக்கமே திரும்ப ஒரு தரம் தாண்டிவிட வேண்டும், சரியாகிவிடும். இதை யாரும் எங்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை. சூடான பாத்திரத்தைத் தொடக்கூடாது என்பதுபோல் அதுவும் தெரிந்திருந்தது.

அப்படிப்பட்ட வீட்டில் தாண்டுவதற்கென்றே ஒருவர் பிறந்தது பெருமாளின் வேடிக்கை. அவர் அப்பாவின் கடைசித் தம்பி, எனக்குச் சித்தப்பா. திருச்சியில் காலேஜில் படித்தபோது தடை தாண்டும் ஓட்டத்தில் கோப்பை கோப்பையாக வாங்கியவர். படிப்பு முடிந்து ஜங்ஷன் பக்கம் ஓர் ஆபீசில் குமாஸ்தாவான பிறகும் தாண்டுவதை விடவில்லை. நெற்றியில் திருமண், இடுப்பில் அரை டிராயர், இந்தக் கோலத்தில் அவர் ஸ்ரீரங்கத்து உத்திர வீதியில் இறங்கினால், கோயிலுக்குப் போகிறவர்கள் எதிர்ச்சுவரில் ஏதோ எழுதியிருப்பதுபோல் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். சித்தப்பா அதைக் கவனித்ததே இல்லை. அவர் கண்ணுக்கு எப்போதும் கொஞ்சம் தள்ளி இருப்பதுதான் தெரியும்.

எனக்கு ஏழு வயதானபோது, ஆசிய நாடுகளெல்லாம் கூடி டில்லியில் முதல் தடவையாக விளையாட்டுப் போட்டி நடத்தப்போகின்றன என்று பேச்சு வந்தது. மதராஸில் நடந்த தேர்வில் சித்தப்பா தேறிவிட்டார். இன்னும் டில்லியில் ஒரு கடைசித் தேர்வு பாக்கி. அதிலும் தேறினால் தேசத்துக்காக ஓடலாம். அப்பாவுக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் அதை வெளியில் காட்டினால் தம்பி கெட்டுப்போவான் என்று, சாப்பிடும்போது டில்லிக் குளிரைப் பற்றி மட்டும் பேசுவார்.

தினமும் காலையில் கொள்ளிடத்து மணலில் பயிற்சி நடக்கும். நீர் வற்றி இறுகிப்போன ஓரமாகப் பார்த்து மூங்கில் கழிகளை நட்டு, குறுக்கே இன்னொரு கழியை வைத்துத் தடைகள் செய்திருந்தார். தடை மூன்றரை அடி உயரம் இருக்க வேண்டும். நானும் மூன்றரை அடிதான் இருந்தேன். ஏழு வயதுக்கு அது குறைச்சல். என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் எந்தக் கிளாஸ் என்று கேட்காமல் பள்ளிக்கூடம் போகிறாளா என்றே கேட்பார்கள். அம்மாவுக்கு அதுவே பெரிய கவலை. சித்தப்பாவுக்கோ நான் பெருமாள் அனுப்பிய அளவுகோல். ஒவ்வொரு மூங்கிலாக என்னைப் பக்கத்தில் நிறுத்தி, உச்சந்தலை மட்டத்துக்குக் கழியை வைப்பார். "நீ மட்டும் வளந்துடாதேடி, என் அளவு கெட்டுப்போயிடும்" என்பார். நானும் சிரிப்பேன்.

சில நாளில் எனக்கு உத்தியோக உயர்வு வந்தது. மூங்கில் கழி கால் பட்டால் விழுந்துவிடும். விழுந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதனால் சித்தப்பாவின் கால் அலட்சியமாக இருந்தது, தினமும் இடித்தது. "கட்டைக்குக் கால் பயப்பட மாட்டேங்கறது. நீ நின்னா பயப்படும்" என்று சொல்லி, கடைசித் தடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை நிறுத்தினார். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். முதல் இரண்டு நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பிறகு திறந்து பார்க்கப் பழகினேன். மணல் அதிர அவர் வருவார், ஒரு கணம் வானத்தை மறைப்பார், அப்புறம் தலையில் கொஞ்சம் மணல் விழும், அவ்வளவுதான். மற்றத் தடைகளைத் தட்டினாலும் தட்டுவார், என்மேல் அவருடைய நகம்கூடப் பட்டதில்லை. அந்த நாட்களில் என்னைப்போல் முக்கியமான ஆள் ஸ்ரீரங்கத்தில் கிடையாது என்று நினைத்திருந்தேன்.

சித்தப்பா டில்லிக்குக் கிளம்பவேண்டிய நாளன்று அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். தலையில் இவ்வளவு மணல் எப்படி வந்தது என்று கேட்டாள். நான் பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னேன். சீப்பு பாதித் தலையில் நின்றது. அப்படியே என்னை இழுத்துக்கொண்டு, கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் போனாள்.

"இத்தனை நாளா கொழந்தையைத் தாண்டிண்டிருக்கியா? ஒரு தரமாவது திரும்பத் தாண்டினியோ?"

"மன்னி, ஹர்டில்ஸ்ல திரும்பி வரதுங்கறதே கிடையாது. ஒரே திசைதான்" என்றார் சித்தப்பா, பெட்டியிலிருந்து தலையை எடுக்காமல்.

"உனக்குத் திசை ஒண்ணுதான். அவளுக்கு வளத்தி நின்னுபோயிடுமே!"

சித்தப்பா சிரித்தார். இந்தக் காலத்திலும் இப்படி ஓர் அசட்டுத்தனமா, தேசத்துக்கே சுதந்திரம் வந்தாயிற்று, நம் வீட்டுக்கு எப்போது வரும் என்று கேட்டார். அப்பா வழக்கம்போல் நடுவில் புகுந்து, டில்லிக்குப் போய்விட்டு வந்து தாண்டட்டும், குழந்தை எங்கே ஓடிவிடப்போகிறாள் என்றார். அதற்குள் ஜட்கா வந்துவிட்டது. சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். ஒரே ஒரு தாண்டல், ஒரு நொடி வேலை. "சித்தப்பா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அம்மா தன் கையால் என் வாயைப் பொத்தினாள். கிளம்பிவிட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது, போகிற காரியம் கெட்டுவிடும். ஜட்கா தெருமுனை திரும்பும்வரை அம்மா கையை எடுக்கவில்லை. என் வளர்த்தி ஒரு பக்கம், அவருடைய டில்லி ஒரு பக்கம் என்று வந்தபோது அம்மா டில்லியின் பக்கம் நின்றாள். அது எனக்கு அப்போது மிகவும் வருத்தமாக இருந்தது.

அதன் பிறகு காத்திருந்தேன். கூடத்துத் தூணில் என் உயரத்துக்குக் கரியால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, தினமும் காலையில் போய் ஒட்டி நிற்பேன். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. சில வாரத்தில் எந்தக் குழந்தையும் தூணில் தெரிகிற அளவுக்கு வளர்ந்துவிடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான்தான் யாரிடமும் கேட்கவில்லையே. இனி வாழ்நாள் முழுக்கக் கொடியில் துணி எட்டாது, உறியில் வெண்ணெய் எட்டாது என்று தனியாக அழுதேன்.

போட்டி நடந்த நாட்களில் அப்பா பத்திரிகையை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். தடை ஓட்டத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்தவர் ஜெயித்ததாகப் போட்டிருந்தது. தம்பியின் பெயர் எங்கேயும் இல்லை. "அச்சுல விட்டுப்போயிருக்கும்" என்றாள் அம்மா.

சித்தப்பா ஒரு சாயங்காலம் திரும்பி வந்தார். அடுத்த வீட்டுக்காரர்களும் எதிர்வீட்டுக்காரர்களும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் அந்தப் பந்தயத்தை ஓட்டமாகவே சொன்னார். துப்பாக்கி வெடித்தது, எல்லாரும் குனிந்து பாய்ந்தது, கூட்டம் எழுந்து நின்றது எல்லாம் சொன்னார். "அந்தச் சிங்கப்பூர்க்காரன் தாண்டறதே தெரியலை. அவன்பாட்டுக்கு ஓடிண்டிருக்கான், தடை அவன் காலுக்குக் கீழே போயிண்டிருக்கு" என்றபோது எல்லாருக்கும் அதைப் பார்த்ததுபோல் இருந்தது. எதிர்வீட்டு மாமா உற்சாகம் தாங்காமல், "அதுல நீ எத்தனாவதா வந்தே?" என்று கேட்டார்.

"நான் ஓடலை மாமா, பாத்தேன். தேர்வுலயே கடைசித் தடையில இடிச்சுண்டு விழுந்துட்டேன். அங்கே அதுவும் கட்டைதானே" என்றார் சித்தப்பா, சிரித்துக்கொண்டே.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா எழுந்து மோர் கொண்டுவரப் போனாள். பேச்சு நின்றுவிட்டதால் இதுதான் சமயம் என்று நான் முன்னால் போய், "எப்போ என்னைத் திரும்பத் தாண்டுவேள்?" என்று கேட்டேன். அப்பா அதட்டினார். சித்தப்பா என்னைப் பார்த்தார். தள்ளி இருப்பதையே பார்க்கும் அந்தக் கண், அன்றைக்குத்தான் பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தது.

மறுநாள் விடிந்ததும் அவரே என்னை எழுப்பிக் கொள்ளிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூங்கில்கள் இல்லை, அம்மா அவரைக்கொடிப் பந்தலுக்கு எடுத்துவிட்டிருந்தாள். வெறும் மணலில் பழைய இடத்தைத் தேடி என்னை நிறுத்திவிட்டு, எப்போதும் தெற்கேயிருந்து ஓடிவருகிறவர் இந்தத் தடவை வடக்கே போனார். அங்கிருந்து கோபுரத்தைப் பார்த்து ஓடிவந்து என்னைத் தாண்டினார். நான் கை தட்டினேன். அவர் நிற்கவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு வடக்கே நடந்து போய் மறுபடியும் ஓடிவந்தார். மறுபடியும். டிராயர் கூடப் போட்டுக்கொள்ளாமல், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். வெயில் ஏறியது. போதுமா என்று என்னைக் கேட்கவும் இல்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அதற்கப்புறம் அவர் எதையும் தாண்டி நான் பார்த்ததில்லை. ஆபீஸ் போக ரயிலடிக்கு நடந்து போவார், நடந்து வருவார்.

நான் வளர்ந்தேன், ஆனால் அதிகமில்லை. கொடியில் துணி போட இன்றும் முக்காலி வேண்டும். அது எங்கள் வம்சத்து உயரம் என்று டாக்டர் சொன்னார்.

திரும்பத் தாண்டுவது தாண்டப்பட்டவர்களுக்காக என்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. தாண்டினவருக்கும் ஏதாவது நின்றுபோயிருக்கலாம் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. மூச்சு வாங்க அவர் மறுபடியும் மறுபடியும் வடக்கேயிருந்து வந்துகொண்டிருந்தார். எனக்குச் சேரவேண்டியதைவிட அதிகமாகவே தருகிறார், அம்மாவைவிட உயரமாகிவிடப்போகிறேன் என்று சந்தோஷத்தில் நான் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன்.