நாலேகால் முதல் ஏழரை வரை

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரத்தில் என் மனைவிக்கு டியூட்டி நேரத்தை மாற்றிவிட்டார்கள். புளியங்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் நர்ஸ். அதுவரை காலை ஆறு மணி டியூட்டிக்குப் போய், மத்தியானம் மூன்று மணிக்குள் பஸ் பிடித்து சங்கரன்கோவிலுக்கு வந்துவிடுவாள். இனிமேல் பத்து மணிக்குப் போனால் இரவு ஏழரைக்குத்தான் வீடு. பிள்ளைகள் இருவரையும் பள்ளி வேன் நாலேகாலுக்கு இறக்கிவிடும். இடையில் இருக்கிற மூன்றேகால் மணி நேரம் என் தலையில் வந்து விழுந்தது.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முன்னறை கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. மகள் ஆறாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. கதவைத் திறந்தால் பிள்ளைகள், மூடினால் வியாபாரம். இதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. கடையில் ஐந்து பேர் நிற்கும்போது உள்ளேயிருந்து "அப்பா, இவன் அடிக்கான்" என்று சத்தம் வரும். ஆதார் அட்டையைக் கண்ணாடியில் வைத்தபடியே விட்டுவிட்டு உள்ளே ஓடுவேன். போய்ப் பார்த்தால் டிவி ரிமோட்டின் ஒரு முனை மகளிடம், மறுமுனை மகனிடம். பிரித்துவிட்டு வருவதற்குள் ஒருத்தர் "என்ன அண்ணாச்சி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். சீருடையை மாற்றாமல் கட்டிலில் உருளுவார்கள். வீட்டுப்பாடத்தைப் பற்றிய ஞாபகம் ஏழேகாலுக்கு, அம்மாவின் பஸ் வருகிற நேரத்துக்குத்தான் வரும். அவள் களைத்துப்போய் வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கூட்டல் கணக்குக்குப் பக்கத்தில் உட்காருவாள். என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்போதுதான் போனில் ஒரு வீடியோவைப் பார்த்தேன். பளபளவென்று இருக்கும் ஒரு வீட்டில் ஒரு அம்மா உட்கார்ந்து, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு நேரத்தை வகுத்துக் கொடுத்தால் எல்லாம் தானாக நடக்கும் என்று சொன்னார். அவருடைய பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கை கழுவினார்கள். சிரித்துக்கொண்டே பாடம் எழுதினார்கள். நமக்குத்தான் கடையில் கம்ப்யூட்டர், கலர் பிரிண்டர், லேமினேஷன் மிஷின் எல்லாம் இருக்கிறதே என்று அன்றைக்கே ஒரு டைம்டேபிள் தயார் செய்தேன். நாலேகாலிலிருந்து கை கால் கழுவல், உடை மாற்றல். நாலரைக்குப் பால், இரண்டு பிஸ்கட். நாலேமுக்காலிலிருந்து ஒரு மணி நேரம் வீட்டுப்பாடம். பிறகு விளையாட்டு, பிறகு வாசிப்பு, கடைசியில் அரை மணி நேரம் டிவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கண்முன்னால் இருந்தால்தான் நடக்கும் என்று கடையின் மூலையிலேயே ஒரு மேஜையைப் போட்டு, அதற்கு மேலே ஒட்டினேன். மகள் நின்று வாசித்துப் பார்த்தாள்.

"அப்பா, இதுல பாத்ரூம் போக நேரமே இல்லியே."

"அதெல்லாம் நடுவுல போய்க்கிடலாம்டி."

முதல் நாளே வேன் ஐந்து மணிக்கு வந்தது. ரோட்டில் சாக்கடை தோண்டுகிறார்களாம், வேன்காரர் சுற்றிக்கொண்டு வந்தாராம். இரண்டாம் நாள் சரியான நேரத்துக்கு வேன் வந்தது. இருவரையும் உட்கார வைத்து நோட்டைத் திறந்த நிமிஷத்தில் தெருவில் குடங்கள் உருளும் சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் வருவதற்கு நாளும் கிடையாது, நேரமும் கிடையாது. வந்தால் பிடித்துவிட வேண்டும், விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. கடையை விட்டு நான் நகர முடியாது. மகள் குழாயைப் பிடித்தாள், மகன் குடத்தைப் பிடித்தான், ஐந்தரைக்கு இருவரும் தலையிலிருந்து கால் வரை நனைந்து வந்து நின்றார்கள். மூன்றாம் நாள் கரண்ட் இல்லை. அந்த வீடியோ அம்மாவின் ஊரில் தண்ணீரும் கரண்டும் அவர் சொல் கேட்கும்போலிருக்கிறது.

சரி, இடைஞ்சல் இல்லாத நாட்களிலாவது நடந்ததா என்றால் அதுவும் இல்லை. மகன் நோட்டைத் திறப்பான். பென்சிலை எடுப்பான். சீவ ஆரம்பிப்பான்.

"என்னலே பண்ணுத?"

"பென்சில் சீவுதேன்பா."

"கா மணி நேரமா சீவுதியே?"

"முனை ஒடிஞ்சிட்டே இருக்கு."

புதுப் பென்சில் ஒன்று கொடுத்தால் அதையும் சீவுவான். ரப்பர் காணாமல் போகும். ரப்பரைக் கண்டுபிடித்தால் தண்ணீர் தவிக்கும். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் எந்தப் பக்கம் என்று மறந்துபோகும். ஐந்தேகால் ஆனால் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான். நான் சத்தம் போடுவேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் புத்தி சொல்லுவார்கள். ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்த ஒருவர், "விடுங்க அண்ணாச்சி, எங்க அண்ணன் மவனும் இப்படித்தான் இருந்தான். இப்ப துபாய்ல இருக்கான்" என்றார். இரண்டாம் வகுப்புக் கணக்குக்கும் துபாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன். நகல் இரண்டா மூன்றா என்று மட்டும் கேட்டேன்.

மகள் விஷயம் வேறு. அவள் ஒழுங்காக உட்காருவாள், ஒழுங்காக எழுதுவாள் என்று நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு நாள் விசைத்தறியில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி வேலை முடிந்து கடைக்கு வந்தாள். தலையிலும் தோளிலும் பஞ்சுத் தூசி. அவள் மகன் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. போனை என்னிடம் நீட்டினாள்.

"ஏதோ படம் வேணும்னு மிஸ்ஸு போட்டிருக்காவ அண்ணாச்சி. என்ன படம்னு தெரியல. எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு."

எனக்குக் கை ஒழியவில்லை. மகள் எழுந்து வந்து போனை வாங்கிப் பார்த்தாள். "வீட்டு விலங்கு அஞ்சு படம் ஒட்டிட்டு வரணுமாம் அத்தை. அதுக்குக் கீழ பேரு எழுதணும்" என்றாள். கம்ப்யூட்டரில் படங்களையும் அவளே தேடி எடுத்தாள். மறுநாள் அந்தப் பெண் இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள். அதற்கடுத்த வாரம் நாலு பேர். ஐந்து மணியானால் போனை நீட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றி நிற்பார்கள். என் மகள் டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லுவாள். படம் பிரிண்ட் எடுக்கிறார்கள், கடைக்கும் நல்லதுதானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை அவளுடைய டைரியில் சிவப்பு மையில் எழுதி வந்தது. அறிவியல் நோட்டில் மூன்று பாடமாக எதுவும் எழுதவில்லை, பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று. எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

"ஏட்டி, ஊர்ப் பிள்ளைக ஹோம்ஒர்க் எல்லாம் முடிஞ்சிட்டு. ஒன் ஹோம்ஒர்க்க யாரு வந்து எழுதுவா?"

அவள் தலையைக் குனியவில்லை. "அந்த அத்தைக்கு வாசிக்கத் தெரியாதுல்லப்பா. நீங்க யாவாரத்தப் பாத்துட்டு நிக்கீங்க. அவங்க போன நீட்டிட்டே நிக்காங்க. நான் என்ன செய்ய?"

பதில் இல்லாத கோபம் யார்மேலாவது பாய வேண்டுமே. மேஜைக்கு இந்தப் பக்கம் மகன் அன்றைய மூன்றாவது பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான். நோட்டில் தேதி மட்டும் எழுதியிருந்தது. "இன்னைக்கு நீ எழுதாம எந்திரிச்சா காலை ஒடிச்சிருவேன்" என்று கத்தினேன். கடையில் ஆறு பேர் இருந்தார்கள். பையன் பென்சிலை இரண்டாக ஒடித்துப் போட்டுவிட்டு மேஜைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டான். கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. குனிந்து பார்த்தேன். வாய்விட்டு அழவில்லை, தேம்பிக்கொண்டு கிடந்தான்.

"என்னலே ஒனக்கு? என்னதான் வேணும்?"

"பசிக்கு."

"பால் குடிச்சியேலே? பிஸ்கட் தின்னியே?"

"பசிக்குப்பா."

"மத்தியானம் சாப்பிட்டியா, இல்லியா?"

பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தேன். கனத்தது. காலையில் அவன் அம்மா வைத்துக் கொடுத்த எலுமிச்சைச் சாதம், மேலே வைத்த உருளைக்கிழங்குகூட நகராமல், அப்படியே இருந்தது.

"அவன் எப்பவும் சாப்பிட மாட்டாம்பா" என்றாள் மகள். "பெல் அடிச்ச ஒடனே விளையாட ஓடிருவான். வேன் ஏறுத இடத்துல ஒரு நாய் நிக்கும், அதுக்குப் போட்டுருவான்."

"அப்ப இன்னைக்கு?"

மேஜைக்கு அடியிலிருந்து மகன் சொன்னான்: "இன்னைக்கு நாய் வரல."

கடையில் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதமாக அந்த டப்பாவைக் கழுவி வைத்தவன் நான். வழித்து நக்கினது மாதிரி காலியாக வருகிறதே, பையன் இந்த வருஷம் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று என் மனைவியிடம் பெருமையாக வேறு சொல்லியிருந்தேன். காலை எட்டு மணிக்கு இரண்டு இட்லி தின்ற பிள்ளையை, நாலரைக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து உட்கார வைத்து, பென்சில் சீவுகிறான் என்று ஒரு மாதம் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

மகளிடம், "நீ ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீங்க கேக்கலியே."

கடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனேன். காலையில் வடித்த சோறு இருந்தது, ரசம் இருந்தது. சூடு பண்ணி, ஒரு முட்டையைப் பொரித்து வைத்தேன். கடையின் தரையில் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு தின்றான். இன்னொரு தட்டு கேட்டான், அதையும் தின்றான். வாயைத் துடைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலேயே மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். நான் ஒடிந்த பென்சிலின் நீளமான துண்டை எடுத்துக் கொடுத்தேன். இருபத்தைந்து நிமிஷம்தான். எழுத்தெல்லாம் கோணல்மாணலாக மலை ஏறியது, ஆனாலும் முடித்துவிட்டான்.

ஏழரைக்கு வந்த மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வீட்டுல இருந்தப்ப வந்ததும் சோறுதான போடுவேன்" என்றாள். "அதுக்கப்புறந்தான் மத்ததெல்லாம்."

"அத எங்கிட்ட சொல்லிட்டுப் போக வேண்டாமா?"

"அதையெல்லாமா சொல்லுவாங்க? ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எப்படித் தெரியும்? ஆறு வருஷமாக மகளும், அதற்குப் பிறகு மகனும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கதவுக்குப் பின்னால் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் கடையில் கூட்டம் இருக்கும், நான் கதவைச் சாத்திவைத்திருப்பேன். சத்தம் வராமல் இருந்தால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். இதை அவளிடம் சொல்லவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. அவள்மேலா, என்மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து நாலேகாலுக்குச் சோறு. வேறு எதற்கும் நேரம் வைக்கவில்லை. கை கழுவுவது எப்படியும் சோற்றுக்கு முன்னால் நடந்துவிடுகிறது. மகளிடம் மட்டும் ஒரு ஒப்பந்தம் பேசினேன். அவளுடைய பாடத்தை முடித்த பிறகுதான் அத்தைமாரின் போனைத் தொட வேண்டும். அந்தப் பெண்களிடமும் ஐந்தரைக்கு மேல் வாருங்கள் என்று சொன்னேன். தறிக்காரப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப என் பயல இங்கன கொண்டாந்து விட்டுருதேன் அண்ணாச்சி. பாப்பா சொல்லச் சொல்ல அவனே எழுதிருவான்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மற்ற மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

ஆக, இப்போது ஐந்தரை மணிக்கு என் கடை வாசலில் ஒரு பாய் விரிந்திருக்கும். அதில் என் பிள்ளைகள் இருவரும், ஊர்ப் பிள்ளைகள் நாலு பேரும். நகல் எடுக்க வருகிறவர்கள் செருப்பைத் தாண்டி, பையைத் தாண்டி, காலைத் தாண்டி வர வேண்டும். போன வாரம் ஒருத்தருடைய பத்திரத்தின் நகலில் யாரோ கரடி வரைந்துவிட்டார்கள். யார் என்று இன்னும் தெரியவில்லை, ஆறு பேரும் ஒரே மாதிரி முழிக்கிறார்கள். அறிவியல் நோட்டு எழுதி முடிந்தது. சிவப்பு மை அதற்குப் பிறகு ஒரு முறைதான் வந்தது, அதுவும் வகுப்பில் அதிகம் பேசுகிறாள் என்று.

நேற்று எட்டு மணிக்கு மனைவி தோசை சுட்டாள். மகன் தட்டைத் தள்ளிவிட்டு, வேண்டாம், வயிறு நிறைந்திருக்கிறது என்றான். கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். அவன் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். அவள் தோசைக் கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள்.

"சாயந்தரம் எவ்வளவு சோறு போட்டீங்க?"

"ரெண்டு தட்டு."

"ரெண்டு தட்டா? அப்புறம் எப்படி ராத்திரி சாப்பிடுவான்? ஒங்கள யாரு அவ்வளவு போடச் சொன்னா? இதுக்குத்தான் எதையும் ஒங்ககிட்ட விடப்படாதுங்கது."

அவனுக்குச் சுட்டுவைத்த இரண்டு தோசையையும் நானே தின்றேன்.