உப்புத் தரையும் காதர் பாயின் சைக்கிள் கம்பியும்

காதர் பாய் போயிட்டாரு. இன்னைக்குக் காலையில, ஸ்ரீவில்லிபுத்தூர்ல அவர் வீட்டுலயே. மையவாடியில அடக்கம் முடிஞ்சு இப்பதான் கடைக்கு வந்தேன்.

மடவார் வளாகம் பக்கம் டூவீலர் பட்டறை வச்சிருந்தவரு. என்னோட ராஜபாளையம் உப்பு மண்டிக்கும் அவர் பட்டறைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது... அந்த உப்புத் தரையைத் தவிர.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்துல ஒரு பொட்டல். மழைக்குத் தண்ணி நிக்கும், பங்குனி வெயில்ல உப்பு வெள்ளை வெளேர்னு இறுகிக் கிடக்கும். சிமெண்ட் தளம் தோத்துச்சு.

வருஷம் ஒரு தடவை, பைக் வெறி புடிச்ச பத்துப் பதினஞ்சு பேர் அங்கே கூடுவாங்க. வளைவு நெளிவு கிடையாது, ஒரே நேர்கோடு. யார் வண்டி எம்புட்டு வேகம் போகுதுன்னு நேரம் பார்ப்பாங்க, அம்புட்டுதான். பாய்க்கு அது ஒரு பெருநாள் மாதிரி.

நான் அவரை முதல்ல பார்த்ததும் அங்கேதான். பக்கத்து உப்பளத்துலதான் நான் லோடு எடுக்கிறேன். ஒரு ஆள் குத்த வச்சு, சைக்கிள் போக்ஸ் கம்பியை உப்புக்குள்ள சொருகிச் சொருகிப் பார்க்கிறாரு.

எனக்கு உடனே சந்தேகம். நான் எங்கே சரக்கு எடுக்கிறேன்னு மோப்பம் புடிக்க எவனோ ஆள் அனுப்பியிருக்கான்!

விசாரிச்சு, அடுத்த வாரம் பட்டறைக்கே போயிட்டேன். சும்மா போய் நிக்க முடியுமா? என் ஸ்கூட்டர் பிளக் வயரை நானே புடுங்கிவிட்டு, தெருமுனையில இருந்து தள்ளிக்கிட்டுப் போனேன்.

பாய் குனிஞ்சுகூடப் பார்க்கலை. "புடுங்குன கைக்கு மாட்டத் தெரியாதாக்கும், மொதலாளி?"

மானம் போச்சு. "உங்களை யாரு அனுப்புனா?"ன்னு நேராவே கேட்டுட்டேன்.

"உப்புக்கு உளவாளியா? ஏன், நீங்க தங்கமா கடத்துதீய?" பட்டறையே சிரிச்சுது.

பொறவுதான் அந்தக் கம்பியைக் காட்டுனாரு. அரத்தால கீறுன கோடுக, வருஷத்துக்கு ஒண்ணு. கறுப்புச் சேறு தட்டுற வரைக்கும் கம்பியை இறக்கி, உப்பு எம்புட்டுக் கனம்னு கோடு போடுவாராம். முதல் கோடு நாலு விரல்கடை. கடைசிக் கோடு ரெண்டுகூட இல்லை.

"மழை கம்மியாயிருக்கும் பாய்"ன்னேன்.

"மழை எல்லாத்துக்கும்தான கம்மி? பக்கத்து அளத்துல மட்டும் உப்பு அம்பாரம் உசந்துக்கிட்டே போவுது. போர் போட்டு அடித்தண்ணியை உறிஞ்சிப் பாத்திக்கு விடுதாங்க. அடியில உப்புத்தண்ணி இல்லேன்னா தரையில எங்கிட்டுப் பூக்கும்? நீங்க உப்புக்காரரு, நீங்களே சொல்லுங்க."

நான் பிளக் வயரை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். போர் இருக்கிறது எனக்குத் தெரியும். எத்தனைன்னும் தெரியும்.

உப்புத் தரையில வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, பாய் செருப்பைக் கழட்டிட்டு முழு தூரமும் நடப்பாரு. "வண்டிக்கு முந்தி காலு போயிட்டு வரணும்"பாரு. இந்த வருஷம் நானும் பார்க்கப் போயிருந்தேன். ஒரு இடத்துல நின்னு குதிகாலால ரெண்டு மிதி மிதிச்சாரு. "மெத்துனு இருக்கு மொதலாளி..."

அந்த இடத்தை விட்டுத் தள்ளித்தான் ஓட்டுனாரு. அங்கேயும் அடியில கெட்டி இல்லை. முன் வீல் பொதக்குன்னு இறங்கிருச்சு.

தொடை எலும்பு. ஆபரேஷன். படுக்கை. இன்னைக்கு ஹார்ட் அட்டாக்ங்கிறாங்க. "இந்த வயசுல எதுக்கு ரேஸ்?"னு மையவாடி வாசல்லயே நாலு பேர் பேசுறாங்க... பேசட்டும்.

படுக்கையில இருந்தப்ப கம்பியை என்கிட்ட குடுத்தாரு. "இந்த வருஷக் கோடு போடலை. நான் விழுந்த இடத்துல பார்த்துட்டு வாங்க. கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதி வச்சிருக்கேன். மெக்கானிக் சொன்னா எவன் நம்புவான்? உப்பு யாவாரி நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

போனேன். விழுந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. குழியைக் காணோம்! உப்பைக் கொட்டி, மட்டம் தட்டி, தண்ணி தெளிச்சு இறுக்கியிருக்கு.

ஆள் அண்டாத பொட்டல்ல ஒரு குழியை மூட எவனுக்கு இம்புட்டு அக்கறை?

ஒரு கை அள்ளிப் பார்த்தேன். தரையில தானா பூத்த உப்பு தகடு தகடா பேந்து வரும். இது கல்லுக் கல்லா, லேசான பழுப்பு... நான் வருஷக்கணக்கா மூட்டை கட்டி விக்கிற அதே பாத்தி உப்பு. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்.

நாலடி தள்ளிக் கம்பியை இறக்குனேன். பாதி விரல்கடை.

திரும்பி வந்ததும் "எம்புட்டு?"ன்னாரு. "போன வருஷம் மாதிரிதான் பாய்"ன்னுட்டேன். அந்த அளத்தை விட்டா எனக்கு வேற சரக்கு இல்லைங்கிற பயம். வேற என்ன.

பாய் கம்பியை வாங்கிக் கட்டைவிரலால தடவுனாரு. புதுக் கோடு இல்லை. "போட மறந்துட்டியளோ..." அவ்வளவுதான். திருப்பி என் கையிலயே குடுத்துட்டாரு. மனுவைப் பத்தி அப்புறம் பேசவே இல்லை.

இன்னைக்கு அடக்கத்துக்கு அந்த அளத்து மொதலாளியும் வந்திருந்தாரு. காதர் பாய் அவருக்கு எப்படிப் பழக்கம்? எல்லாரோடயும் சேர்ந்து அவரும் மூணு கைப்பிடி மண் போட்டாரு. பார்த்துக்கிட்டே நின்னேன்.

ஃபேஸ்புக்ல என் ஃபிரண்ட் லிஸ்ட்லயும் இருக்காரு. நான் என்ன போட்டாலும் முதல் லைக் அவருதான். இந்தப் பதிவுக்குப் போடுறாரான்னு பார்க்கணும்.

வரும்போது பாய் மகள்கிட்ட மனுவை வாங்கிட்டு வந்தேன். என் பேரை எழுதி, கீழே இடம் விட்டே வச்சிருக்காரு மனுஷன்.

இப்ப கடையில உக்காந்து அரத்தை எடுத்தேன்.

பாதி விரல்கடை, பாய். கோடு போட்டாச்சு. கையெழுத்தும்.

போயிட்டு வாங்க.