நகராத புள்ளி

நாற்பத்து மூன்று வயதில், ஆறு ஆண்டுகளை ஒரே ஒரு மங்கலான புள்ளிக்குக் கொடுத்திருந்தார் அனுசியா. மலேசியாவின் ஜாசினில் இயற்பியல் ஆசிரியை. பள்ளி விட்டதும் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு.

துணை நட்சத்திரம் இல்லாமல் தனியே அலையும் கருந்துளை கண்ணில் படாது. வழியில் அடர்ந்த வாயு மேகம் குறுக்கிட்டால் மட்டும், அது இழுக்கும் வாயு உள்ளே விழுமுன் சூடேறி, எக்ஸ் கதிரிலும் அகச்சிவப்பிலும் லேசாக ஒளிரும். மெதுவாகப் போகும் கருந்துளைக்கு வாயு கூடுதலாகச் சிக்கும். அப்படி ஒளிர்ந்த ஒன்றை இதுவரை யாரும் உறுதியாகக் காட்டியதில்லை. அனுசியாவின் புள்ளி அப்படியொரு மேகத்துக்குள் தெரிந்தது.

இந்தப் பேச்சு அவரது சொந்த ஊரான செலண்டாரின் கோயில் வரை போய்விட்டது. திருவிழாவில் பொன்னாடை என்று முடிவானது. 'கருந்துளை கண்டுபிடித்த நம் மண்ணின் மகள்' என்று கோயில் தலைவர் கணேசமூர்த்தி பேனரே அடித்துவிட்டார். செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்ந்த அப்பா பிச்சைமுத்து புதுச் சட்டை வாங்கினார்.

திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கையில் புதிய தொலைநோக்கிப் படங்கள் வந்தன. பதினான்கு ஆண்டுக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டார். மேகத்துக்குள் இருப்பது எவ்வளவு மெதுவாகப் போனாலும் இதற்குள் சற்று இடம் மாறியிருக்க வேண்டும். புள்ளி மயிரிழைகூட நகரவில்லை. மூன்று முறை அளந்தார். நிறமாலையும் அதையே சொன்னது: மேகத்துக்கு வெகு பின்னால், வேறொரு விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளை. பட்டியல்களில் லட்சக்கணக்கில் இருக்கும் ரகம்.

மறுநாள் மதியம் கோயிலுக்குப் போனார். வேலியில் பேனரைக் கட்டிக்கொண்டே கணேசமூர்த்தி அவர் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"அப்போ அது கருந்துளைதானே, டீச்சர்?"

"கருந்துளைதான், அண்ணே. நான் தேடினது அது இல்ல."

"பேனர்ல எந்தக் கருந்துளைன்னு போடலையே. ஊர்ல எவன் போய் அளந்து பார்க்கப் போறான்? நம்ம பிள்ளைங்க பார்த்துட்டுப் போகட்டும்லா."

 அந்தப் பொன்னாடைக்கு அனுசியாவும் ஆசைப்பட்டிருந்தார்.

"'கண்டுபிடித்த'ன்னு போட்டிருக்கீங்களே. அது பொய்ண்ணே. நாளைக்கு என் கிளாஸ் பிள்ளைங்களே கேட்டா என்ன சொல்வேன்?"

 கணேசமூர்த்தி கட்டிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மறுமுனையை அனுசியா அவிழ்த்தார்.

அப்பாவிடம் சொல்வதுதான் அதைவிடக் கடினமாக இருந்தது. கேட்டுவிட்டு அவர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை, அந்தப் புள்ளி பற்றிய தன் ஆய்வு முடிவு தவறு என்று தன் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியருக்கு எழுதி அனுப்பினார் அனுசியா. இதேபோல் மேகங்களுக்குள் தெரியும், ஆராய வேண்டிய புள்ளிகள் இன்னும் பதினாறு இருக்கின்றன. அடுத்ததன் படங்கள் செப்டம்பரில் வரும்.